ஆலயந்தோறும் ஒரு நந்தவனம்

தலையங்கம்

தென் செபராங் பிறை வட்டாரத்தில் திருவிழாக் காலம் வந்துவிட்டால் சுங்கை பாக்காப் நகரின் முகமே மாறிவிடும். வாழையும் தோரணமும் கட்டிய வாயில்கள், பால்குடம் சுமந்துவரும் தாய்மார்கள், காவடிகளின் வரிசை, நாதசுரத்தின் முழக்கம், அன்னதானப் பந்தலில் அமர்ந்து உண்ணும் பல்லின மக்கள் என்று ஊரே ஒரு குடும்பமாகிவிடுகிறது. தோட்டப்புறத்தை விட்டுப் பிறந்தகம் தேடி வரும் பிள்ளைகள் இந்நாட்களில்தான் பழைய முகங்களைக் காண்கின்றனர். இவ்விழாக்களைக் கட்டிக் காத்துவரும் ஆலயப் பொறுப்பாளர்களும், உபயதாரர்களும், தொண்டர்களும் நம் நன்றிக்கு உரியவர்கள்.

விழா முடிந்த மறுநாள் காலையில் ஆலய வளாகத்தை ஒரு முறை சுற்றி வந்து பார்ப்போம். மூட்டை மூட்டையாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும் மாலைகளைப் பார்க்கிறோம். நெகிழிப் பைகளையும் குவளைகளையும் பார்க்கிறோம். முந்தைய நாள் இறைவன் திருமேனியில் இருந்த மலர்கள் குப்பை வண்டிக்குக் காத்துக் கிடக்கின்றன. அப்போது நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழ வேண்டும். அந்த மலர்களுள் ஒன்றேனும் அந்த ஆலய மண்ணில் பூத்ததா?

பல ஆலயங்களில் இதற்கு விடை 'இல்லை' என்பதாகத்தான் இருக்கும். கேமரன் மலையிலிருந்தும் அயல்நாடுகளிலிருந்தும் வரும் பூக்களை நம்பியே நம் பூசைகள் நடைபெறுகின்றன. ஆலயத்தைச் சுற்றி எஞ்சியிருந்த மண்ணையும் சிமெந்து மூடிவிட்டது. கோபுரம் உயர்ந்தது, மண்டபம் விரிந்தது, வாகன நிறுத்துமிடம் அமைந்தது. நந்தவனம் ஒன்றுக்குத்தான் இடமில்லாமற் போயிற்று.

நந்தவனம் என்பது ஆலயத்திற்கு அழகு சேர்க்கும் கூடுதல் வசதி என்று நம் முன்னோர் கருதவில்லை. திருநந்தவனத்திற்கென்று நிலம் விட்ட செய்திகளையும், அதில் பணி செய்வோரின் வாழ்வுக்கு வழிசெய்த செய்திகளையும் சோழர் காலக் கல்வெட்டுகள் பல இடங்களில் கூறுகின்றன. விளக்குக்கு நிவந்தம் அளித்ததைப் போலவே பூந்தோட்டத்திற்கும் நிவந்தம் அளித்தனர். ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்துப் பூமாலை சாற்றும் பணியையே தம் வாழ்வாகக் கொண்டவர் பெரியாழ்வார். அந்த நந்தவனத்தின் துளசிச் செடியருகேதான் ஆண்டாள் குழந்தையாகக் கிடைத்தாள் என்பது வரலாறு. திருப்புகலூரில் வைகறையில் எழுந்து மலர் கொய்து மாலை தொடுத்துச் சாற்றிய முருக நாயனார் அறுபத்து மூவருள் ஒருவராகப் போற்றப்படுகிறார். மண்ணைக் கிளறிச் செடி வளர்க்கும் கையையும் வேதம் ஓதும் நாவையும் ஒரே தட்டில் வைத்த சமயம் நம்முடையது.

தல விருட்சம் என்னும் மரபையும் நினைவு கூர்வோம். மதுரைக்குக் கடம்பு, காஞ்சி ஏகம்பத்திற்கு மா, திருநெல்வேலிக்கு மூங்கில், திருவானைக்காவிற்கு வெண்ணாவல், சிதம்பரத்திற்குத் தில்லை. தில்லை என்பது கடலோரச் சேற்று நிலத்தில் வளரும் அலையாத்தி மர வகை. அதே மரம் நம் மலேசியக் கடலோரக் காடுகளிலும் இயல்பாக வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு என்பதால் மலாய்க்காரர்கள் அதனைக் குருடு என்னும் பொருள்பட 'பூத்தா-பூத்தா' என்று அழைக்கின்றனர். கூத்தப் பெருமானின் தல மரம் நம் கரையிலும் நிற்கிறது என்பதை அறிந்தவர் நம்முள் எத்தனை பேர்?

மரத்தடியில் பிறந்த கோயில்கள்

நம் வட்டாரத்தின் கதை கரும்பில் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அன்று 'புரோவின்ஸ் வெல்லெஸ்லி' என்று அழைக்கப்பட்ட செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் மூதாதையர் கப்பலேறி வந்தனர். அந்த ஒப்பந்தக் கூலி முறை 1910 ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் இரப்பர் வந்தது. பின்னர் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இன்று செம்பனையும் பின்வாங்கி வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் வருகின்றன. 2014 மார்ச் மாதம் இரண்டாவது பினாங்குப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் பத்து காவான் பகுதி கண்ட மாற்றத்தை நாம் அனைவரும் அறிவோம்.

இத்தனை மாற்றங்களுக்கும் சாட்சியாக நின்றவை நம் தோட்டப்புறக் கோயில்கள். வந்திறங்கிய மக்களிடம் கற்கோயில் கட்டப் பொருளில்லை. ஓர் அரச மரத்தையோ ஆல மரத்தையோ கண்டனர். அதன் அடியில் ஒரு கல்லையோ சூலத்தையோ நட்டனர். முனீஸ்வரரும் மாரியம்மனும் அங்கே எழுந்தருளினர். மரமே கூரை, மரமே விமானம், வேர்ப்பகுதியில் எழுந்த கரையான் புற்றே நாகம்மன் சன்னிதி. பறவைகளின் ஒலியே திருப்பள்ளியெழுச்சி. நம் ஆலயங்களுள் பல இவ்வாறு மரத்தடியில் பிறந்தவை.

இன்றோ பெற்றெடுத்த மரத்தையே வெட்டிவிட்டு மண்டபம் எழுப்பும் நிலையைக் காண்கிறோம். சருகு கொட்டுகிறது, பறவைகள் எச்சமிடுகின்றன, வேர் சுவரைப் பிளக்கிறது என்று காரணம் கூறப்படுகிறது. திருவானைக்கா வரலாற்றை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். வெண்ணாவல் மரத்தடியில் வீற்றிருந்த சிவலிங்கத்தின்மீது சருகு உதிர்வதைக் கண்டு வருந்திய சிலந்தி, மரத்தின்மீது சினம் கொள்ளவில்லை. மேலே வலை பின்னிப் பந்தலிட்டது. அந்தச் சிலந்தியே மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து எண்ணற்ற மாடக்கோயில்களை எழுப்பியது என்று புராணம் கூறுகிறது. சிலந்திக்கு இருந்த பொறுமை நமக்கு இருக்கலாகாதா?

ஆலமர இனத்தைச் சேர்ந்த ஒரு மரம் பழுத்துவிட்டால் அது பறவைகளுக்கு அன்னதான மடமாகிவிடுகிறது. பச்சைப் புறாக்களும், குக்குறுவான்களும், மைனாக்களும், கொண்டைக்குருவி இனங்களும் அங்கே கூடுகின்றன. அப்பழத்தின் உள்ளே பூக்கள் மறைந்திருக்கின்றன. கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிறு குளவி உள்ளே புகுந்துதான் அவற்றில் மகரந்தம் சேர்க்கிறது. இவ்வினத்தின் ஒவ்வொரு வகை மரமும் தனக்குரிய குளவியை நம்பியே இருக்கிறது. குளவி அழிந்தால் விதையில்லை. மரம் அழிந்தால் குளவியில்லை. மரத்தடியில் கண்மூடி நிற்கும் பக்தரின் தலைக்கு மேலே இத்தகைய பேரேற்பாடு ஒன்று இடையறாது நடந்துகொண்டிருக்கிறது.

பூசைக்குரிய செடியும் புழுவுக்குரிய இலையும்

வனவுயிர்களைக் காப்பதென்றால் புலியையும் யானையையும் காப்பது என்றே பலரும் எண்ணுகின்றனர். அது அரசாங்கத்தின் வேலை, காட்டிலாகாவின் வேலை என்று ஒதுங்கிவிடுகின்றனர். நம் ஆலய மதிலுக்குள்ளேயே காப்பாற்ற வேண்டிய உயிர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய செடிகள் எவையென்று தேடினால், அவை நம் பூசைக்குரிய செடிகளாகவே இருப்பது வியப்பளிக்கும் உண்மையாகும்.

சிவபெருமானுக்கு உகந்தது வில்வம். அதன் இலையை எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் உண்டு வளர்கின்றன. எலுமிச்சையும் கறிவேப்பிலையும் அதே இனத்தைச் சேர்ந்தவையாதலால் அவற்றிலும் இப்புழுக்களைக் காணலாம். இளம்புழு பறவையின் எச்சம் போலத் தோற்றமளித்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. வளர்ந்தபின் இலையின் பச்சை நிறம் பெறுகிறது. பிள்ளையாருக்கு உகந்தது எருக்கு. அதன் இலையை உண்டு வளர்வது செம்மஞ்சள் நிறச் சிறகுடைய வெந்தய வரியன். எருக்கம்பாலின் நஞ்சு அதன் உடலில் சேர்வதால் பறவைகள் அதனைத் தீண்டுவதில்லை. கொன்றை வேந்தனுக்குரிய சரக்கொன்றையில் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடுகின்றன. சண்பக மரத்தில் பச்சைப் புள்ளிகளுடைய வால் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் வளர்கின்றன. அரளியில் வளரும் புழுவின் கூடு வெள்ளியை உருக்கி வார்த்ததுபோல மின்னும். முருகப் பெருமானுக்குரிய வெட்சியில் வண்ணத்துப்பூச்சிகளும் தேன்சிட்டுகளும் தேனருந்துகின்றன. அம்மனுக்கும் விநாயகருக்கும் சாற்றும் செம்பருத்தி 1960 ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டின் தேசிய மலராகவும் விளங்குகிறது. தேன்சிட்டுக்கு அதுவே விருந்து மண்டபம். துளசி பூத்துவிட்டால் அதைச் சுற்றித் தேனீக்களின் ரீங்காரம் ஓய்வதில்லை.

ஆகவே பூசைக்கென்று நாம் நடும் தோட்டம், எவ்விதக் கூடுதல் செலவுமின்றி, உயிர்களைப் புரக்கும் தோட்டமாகிவிடுகிறது. இதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. இலையில் ஓட்டை விழுவதை நாம் பொறுத்துக்கொள்ள வேண்டும். வண்ணத்துப்பூச்சி வேண்டும், புழு வேண்டாம் என்பது மகன் வேண்டும், மழலை வேண்டாம் என்பது போன்றது. புழு தின்ற வில்வம் சில வாரங்களில் மீண்டும் தளிர்க்கும். மருந்தடித்துக் கொன்ற புழு மீளாது. அந்தப் புழுவைத் தம் குஞ்சுகளுக்கு ஊட்டவிருந்த குருவியும் பசித்துப் போகும். அர்ச்சனைக்குப் பழுதற்ற இலை வேண்டுமெனில் இரண்டு மரம் நடுவோம். ஒன்று பூசைக்கு, மற்றொன்று புழுவுக்கு.

பினாங்குத் தீவின் தெலுக் பாஹாங்கில் 1986 ஆம் ஆண்டிலிருந்து இயங்கி, இன்று 'எந்தோப்பியா' என்னும் பெயரில் விளங்கும் வண்ணத்துப்பூச்சிப் பண்ணையைக் காண உலகெங்குமிருந்து மக்கள் கட்டணம் செலுத்தி வருகின்றனர். அங்கே காணும் விந்தையின் ஒரு சிறு கூறு, ஆலயத்து எலுமிச்சைச் செடியில் கட்டணமின்றி நடைபெறுகிறது. அதனை நம் குழந்தைகளுக்குக் காட்டிக்கொடுக்க ஒருவர்தான் வேண்டும்.

நம் தாய்மார் சுமந்த நஞ்சு

மருந்தடிப்பதைப் பற்றிப் பேசும்போது நம் சமூகத்திற்கென்று ஒரு தனி நினைவு உண்டு. தோட்டங்களில் மருந்துத் தோண்டியை முதுகில் சுமந்து களைக்கொல்லி தெளித்தவர்களுள் பெரும் பகுதியினர் நம் பெண்கள். பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லியைத் தகுந்த பாதுகாப்பு உடையின்றித் தெளித்ததனால் கண் எரிச்சலும், தோல் புண்ணும், நகம் உதிர்தலும் அவர்களுக்கு அன்றாடத் துன்பங்களாயின. அவர்களுக்காகக் குரல் கொடுத்த இயக்கங்களுள் தெனாகனித்தாவும், பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய பசிபிக் பூச்சிமருந்து எதிர்ப்பு அமைப்பும், 1969 இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் குறிப்பிடத்தக்கவை. 2002 ஆம் ஆண்டில் அரசாங்கம் அந்நஞ்சுக்குத் தடை விதித்தது. 2006 இல் அத்தடை தளர்த்தப்பட்டது. பின்னர் 2020 சனவரி முதல் நாளிலிருந்து முற்றாகத் தடை செய்யப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதனைச் சுமந்த முதுகுகள் நம்மவருடையவை.

அந்தத் தாய்மார் இன்று ஓய்வு பெற்று நம் ஆலயங்களில் பூத்தொடுத்துக் கொண்டிருக்கின்றனர். அவர்கள் அமர்ந்திருக்கும் அதே வளாகத்தில், புல் முளைக்கிறது என்பதற்காக இன்னொரு களைக்கொல்லியை வாங்கி வந்து தெளிப்பது முறையாகுமா? அம்மனுக்குச் சாற்றும் பூவில் நஞ்சின் வாடை இருக்கலாமா? திருவிழாவுக்கு முன்பு ஒரு நாள் சிரமதானம் வைத்தால் இளைஞர்கள் கையாலேயே களை எடுத்துவிடலாம். அன்னதானம் சமைக்கும் கைகள் இருக்கும் ஊரில் களையெடுக்கும் கைகளுக்குப் பஞ்சமிராது.

சிற்றுயிரின் மதிப்பைச் செம்பனைத் தோட்டமே நமக்குக் கற்பித்திருக்கிறது. ஒரு காலத்தில் செம்பனைப் பூக்களுக்கு மகரந்தம் தூவும் வேலையைத் தொழிலாளர்கள், குறிப்பாகப் பெண்கள், கையால் செய்து வந்தனர். 1981 ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறிய கூன்வண்டு கொண்டுவரப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது. அதன்பின் கையால் மகரந்தம் தூவும் வேலையே மறைந்தது, விளைச்சலும் உயர்ந்தது. நாட்டின் பொருளாதாரத் தூண்களுள் ஒன்றான ஒரு தொழில், எள்ளளவு உள்ள ஒரு வண்டின் முதுகில் நிற்கிறது. டுரியான் மரமும் அப்படித்தான். அதன் பூக்கள் அந்தியில் மலர்கின்றன. இரவில் வந்து தேனருந்தும் வௌவால்கள் மகரந்தத்தைச் சேர்க்கின்றன. வௌவாலை அபசகுனம் என்று விரட்டுவோர், டுரியான் பருவத்தில் அதற்கு நன்றி கூறக் கடமைப்பட்டவர்கள்.

இரவுக்கும் உயிர்கள் உண்டு

சுங்கை பாக்காப்பிலிருந்து சற்றுத் தெற்கே சென்றால் நிபோங் திபாலை ஒட்டிக் கிரியான் ஆறு ஓடுகிறது. அதன் கரையிலுள்ள பெரம்பாங் மரங்களில் இரவு நேரத்தில் மின்மினிகள் கூடி ஒளிர்வதைக் காணப் படகில் செல்கின்றனர். கார்த்திகைத் தீபத்தை இயற்கையே நாள்தோறும் ஏற்றுவது போன்ற காட்சி அது. அந்த ஒளி மின்மினிகளுக்கு மொழியாகும். ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று அறிவது அதனால்தான். கரையோர மரங்களை வெட்டினாலும், ஆற்றில் நஞ்சு கலந்தாலும், இரவெல்லாம் வெண்விளக்கு எரித்தாலும் அம்மொழி அறுந்துபோகிறது. அலையாத்திக் காடுகளின் அருமை உணர்ந்து, அவற்றை மீண்டும் நட்டுவரும் பினாங்கு கரையோர மீனவர் நல சங்கத்தினர் நம் பாராட்டுக்கு உரியவர்கள். மீன் பிடிப்பவர் மரம் நடுகிறார் என்றால், மரத்தை வணங்குபவர் என்ன செய்ய வேண்டும்?

விழா நாட்களில் அலங்கார விளக்குகள் வேண்டாம் என்று யாரும் கூறமாட்டார்கள். விழா முடிந்த பின்னரும் நந்தவனத்தின் மீது இரவு முழுதும் பாயும் பெருவிளக்கைத்தான் அணைக்கச் சொல்கிறோம். கருவறைத் தூண்டாமணி விளக்கு எரியட்டும், மரங்கள் உறங்கட்டும். மின்கட்டணமும் குறையும்.

ஆந்தையின் நிலையும் எண்ணத்தக்கது. நம்மவருள் பலர் அதன் குரலைக் கேட்டாலே அஞ்சுகின்றனர். ஆயினும் செம்பனைத் தோட்டங்களில் எலிகளைக் கட்டுப்படுத்தக் கூண்டு வைத்துக் கூகை வளர்க்கும் முறை இந்நாட்டில் நெடுங்காலமாக நடைமுறையில் இருக்கிறது. வட இந்தியாவில் ஆந்தை திருமகளின் ஊர்தியாகவே போற்றப்படுகிறது. ஆலய மடைப்பள்ளியின் எலித் தொல்லைக்கு நாம் வைக்கும் நஞ்சு, அந்த எலியைத் தின்னும் கூகையையும் கொல்லக்கூடும். எலிப்பொறியும், அரிசி மூட்டைகளுக்கு மூடியுள்ள பெட்டியும் அதனினும் நல்ல வழிகள்.

நம் தெய்வங்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் உயிரை ஊர்தியாக அமைத்தவர்கள் நம் முன்னோர். மூஞ்சூறு, மயில், காளை, கருடன், நாகம் என்று அவ்வரிசை நீள்கிறது. குளிரில் நடுங்குமென்று மயிலுக்குப் போர்வை தந்த பேகனையும், படரக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தேரீந்த பாரியையும் வள்ளல்களாகப் பள்ளியில் படித்தோம். பயிரின் வாட்டத்தைத் தம் வாட்டமாகக் கொண்ட இராமலிங்க அடிகளைப் போற்றுகிறோம். ஆனால் தீபகற்ப மலேசியாவின் காடுகளில் ஒரு காலத்தில் இயல்பாக வாழ்ந்த பச்சை மயில் இனம், வேட்டையாலும் காடழிப்பாலும், சென்ற நூற்றாண்டிலேயே இங்கு அற்றுப்போய்விட்டது. தைப்பூசத்தில் மயிலிறகு சூடிய காவடிகள் ஆடுகின்றன. அந்த மயில் வாழ்ந்த காடு வெறுமையாக இருக்கிறது. ஓர் ஊர்தியை நாம் ஏற்கெனவே இழந்துவிட்டோம். எஞ்சியவற்றையேனும் காக்க வேண்டாமா?

எழக்கூடிய ஐயங்கள்

நந்தவனம் வைத்தால் பாம்பு வரும் என்று சிலர் அஞ்சுவர். பாம்பைக் கவர்வது எலி. எலியைக் கவர்வது சிதறிய உணவும் குவிந்த குப்பையும். வளாகம் தூய்மையாக இருந்து, நடைபாதையோரம் புதர் மண்டாமல் இருந்தால் அச்சத்திற்கு இடமில்லை. மீறி ஒரு பாம்பு வந்துவிட்டால் அடித்துக் கொல்ல வேண்டியதில்லை. பொதுத் தற்காப்புப் படையினரை அழைத்தால் வந்து பிடித்துச் செல்வர்.

கொசு பெருகும் என்பது புறக்கணிக்க முடியாத ஐயம். டிங்கிக் காய்ச்சலின் கொடுமையை நாம் அறிவோம். ஏடிஸ் கொசு தேங்கிய நன்னீரில் பெருகுவது. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரமே போதும். உடைத்தெறிந்த தேங்காய்ச் சிரட்டை, அகல் விளக்கு, பூந்தொட்டியின் அடித்தட்டு, நெகிழிக் குவளை இவையே அதன் பிறப்பிடங்கள். ஆகவே வாரம் ஒரு முறை வளாகம் முழுவதையும் சுற்றிப் பார்த்துத் தேங்கிய நீரைக் கொட்ட வேண்டும். பறவைகளுக்கு வைக்கும் நீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். தாமரைத் தொட்டியில் சிறு மீன்களை விட்டால் அவை கொசுப்புழுக்களைத் தின்றுவிடும். நீர்நிலைக்கு வரும் தும்பிகளின் இளம்புழுக்களும் அதே வேலையைச் செய்யும். 1975 ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின் கீழ்க் கொசு பெருக இடமளிப்பது குற்றமாகும். பேணப்படும் நந்தவனத்தைவிடப் பேணப்படாத சிமெந்துத் தரையில் கொசுவுக்கு இடம் அதிகம் என்பதே உண்மை.

உயிர்களிடம் அன்பு காட்டுவதாக எண்ணிக் குரங்குகளுக்கும் புறாக்களுக்கும் உணவு வழங்குவோர் பலர். இதில் நமக்குத் தெளிவு வேண்டும். தண்ணீர்மலையடிவாரத்தில் பக்தர்களின் கைப்பையைப் பறிக்கும் குரங்கு, மனிதர் பழக்கிய குரங்கு. ரொட்டியும் இனிப்பும் அதற்கு நோய் தருகின்றன. அச்சம் நீங்கிய குரங்கு கடித்துவிட்டால் இறுதியில் உயிரிழப்பது அதுவே. மரம் நட்டு, அது பழுக்கும்போது உயிர்கள் தாமே வந்து உண்ணும்படி விடுவதே முறையான அன்னதானம். அவ்வாறே, வேண்டுதலின் பேரில் கடையில் வாங்கிய ஆமையையும் மீனையும் ஆற்றிலும் குளத்திலும் விடுவதும் நல்லதன்று. அயல்நாட்டு இனங்கள் பெருகி நம் நாட்டு மீன்களின் வாழ்விடத்தைப் பறித்துக்கொள்ளும்.

இடமில்லை என்பது இறுதி ஐயம். மதிலோரம் மூன்றடி அகல மண் போதும். வெட்சியும் செம்பருத்தியும் வரிசையாக நிற்கும். அதுவும் இல்லையேல் தொட்டிகளில் துளசியும் எருக்கும் வளரும். அடுக்குமாடியில் வாழும் அன்பர்கள்கூட மாடி முகப்பில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி வைத்தால், என்றேனும் ஒரு காலை வேளையில் வண்ணத்துப்பூச்சி ஒன்று தேடி வருவதைக் காண்பர்.

திருவிழாவின் எச்சம்

பினாங்கு மாநிலத்தின் குப்பை எங்கே போகிறது என்பதை நம் வட்டாரத்தார் பிறரைவிட நன்கு அறிவர். அது நம் வட்டாரத்திலேயே உள்ள புலாவ் பூரோங் நிலநிரப்புக் கிடங்கிற்கு வருகிறது. 'பறவைத் தீவு' என்பது அப்பெயரின் பொருள். 2022 சனவரியில் அக்கிடங்கு தீப்பற்றிப் பல நாட்கள் புகைந்ததையும், அருகிலுள்ள மக்கள் பட்ட அல்லலையும் மறந்திருக்க மாட்டோம். தீவில் எடுக்கும் திருவிழாவின் மாலையும், நம் வீட்டு விசேடத்தின் நெகிழிக் குவளையும் பறவையின் பெயர் தாங்கிய அந்த மண்ணில்தான் சென்று குவிகின்றன.

இதில் நாம் குறைக்கக்கூடியது நிறைய உண்டு. மாலையை நெகிழிக் கயிற்றிலும் கம்பியிலும் கட்டாமல் வாழை நாரிலும் பருத்தி நூலிலும் கட்டினால், சாற்றிக் களைந்த மலர் முழுவதையும் நந்தவனத்தின் ஒரு மூலையில் உரக்குழியில் இடலாம். சில மாதங்களில் அது கரிய எருவாகும். இறைவன் சூடிய மலர், இறைவன் சூடவிருக்கும் மலருக்கு உணவாவதைவிடச் சிறந்த நிர்மாலியம் வேறென்ன? சாயமேற்றிய பூக்களையும் நெகிழிப் பூக்களையும் தவிர்ப்போம். அன்னதானத்தில் வாழையிலை இருக்கையில் நுரைத் தட்டு எதற்கு? தைப்பூசத்தில் உடைக்கப்படும் தேங்காய்களின் எண்ணிக்கையைக் குறைக்குமாறு பினாங்கு பயனீட்டாளர் சங்கம் ஆண்டுக்கணக்கில் வேண்டி வந்திருக்கிறது. பக்தியின் அளவைத் தேங்காயின் எண்ணிக்கை காட்டுவதில்லை. நூறு தேங்காய் உடைக்க எண்ணியவர் ஒன்றை உடைத்து, எஞ்சிய பணத்தில் மரக்கன்றுகள் நட்டால், அந்த வேண்டுதல் அவருடைய பேரப்பிள்ளைகள் காலத்திலும் நிழல் தந்து நிற்கும்.

நம் வேண்டுகோள்

ஆலய நிர்வாகத்தினருக்கு முதற்கண் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிரலில் நந்தவனத்திற்கு ஓர் இடம் கொடுங்கள். குடமுழுக்குத் திருப்பணித் திட்டம் வரையும்போதே, நிற்கும் மரத்தைக் காத்துச் சுவரை விலக்கிக் கட்டப் பொறியாளரிடம் கூறுங்கள். பட்டுப்போகாத மரத்தை வெட்டுவதில்லை என்றும், வளாகத்தில் களைக்கொல்லி தெளிப்பதில்லை என்றும் ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள். அதற்கு ஒரு வெள்ளி செலவில்லை.

உபயதாரப் பெருமக்களே! விளக்கு உபயம், அபிஷேக உபயம், இரத உபயம் என்று வாரி வழங்கிய கைகள் உங்களுடையவை. இனி அப்பட்டியலில் 'நந்தவன உபயம்' ஒன்றையும் சேருங்கள். பெற்றோர் நினைவாகப் பளிங்குக் கல்வெட்டுப் பதிப்பதற்குப் பதில் ஒரு வில்வத்தையோ, ஒரு சரக்கொன்றையையோ நட்டு, அது வேரூன்றும் வரை நீரூற்ற ஒருவருக்கு ஊதியம் வழங்குங்கள். கன்று நடுவது ஒரு நாள் வேலை, காப்பதுதான் உபயம்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. வட்டாரத்துப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒரு நாள் ஆலய நந்தவனத்திற்கு அழைத்து வாருங்கள். எச்செடியில் எப்புழு, எம்மரத்தில் எப்பறவை என்று அவர்களே எழுதிவைக்கட்டும். தேவாரம் கற்கும் வயதிலேயே தேன்சிட்டின் கூட்டையும் கண்ட பிள்ளை, வளர்ந்தபின் மரத்தின்மீது கோடரி வைக்கத் தயங்கும்.

பூத்தொடுக்கும் தாய்மார்களிடம் நாம் கேட்பது ஒன்றே. எந்தப் பூவை எந்த மாதத்தில் நட வேண்டும், எந்த இலை எந்த நோய்க்கு மருந்து என்று தோட்டப்புறத்தில் கற்றவற்றை இளையோருக்குச் சொல்லிச் செல்லுங்கள். லயத்து வாசலில் துளசி மாடமும், பின்புறம் முருங்கையும் வாழையும் வைத்து வாழ்ந்தவர்கள் நீங்கள். நீங்கள் வளர்த்த அந்தத் தோட்டங்கள் இன்று பெரும்பாலும் இல்லை. அவற்றின் விதை உங்கள் நினைவில்தான் இருக்கிறது.

கரும்பு வந்து போயிற்று. இரப்பர் வந்து போயிற்று. தோட்டம் துண்டாடப்பட்டபோது நம் மக்கள் எடுத்துச் சென்றது சாமியை மட்டுமே. அந்தச் சாமி எழுந்தருளிய மரத்தை எடுத்துச் செல்ல இயலவில்லை. புதிய இடத்தில் சாமிக்குக் கோயில் கட்டிவிட்டோம். மரத்தை இன்னும் நடவில்லை. இத்திருவிழா நாளில் கொடியேறும் அதே வேளையில் ஒவ்வோர் ஆலயத்திலும் ஒரு கன்றும் மண்ணில் ஊன்றப்படுமாயின், அக்கடன் தீரத் தொடங்கும்.

அனைவருக்கும் திருவருள் துணை நிற்பதாக! எவ்வுயிரும் இன்புற்று வாழ்க!